லாயத்தில் கண்டதை யாரிடம் சொல்வது?

லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: அங்கே பயிற்சியாளர் வைத்ததுதான் சட்டம். சம்பளம், ஓய்வு நாள், எந்தக் குதிரை யார் கையில் என்பதெல்லாம் அவர் முடிவு. சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூர்ப் பக்கமோ இந்த வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்புவது, "பெரியவங்க விஷயத்துல தலையிடாதே" என்பது. தோட்டத்தில் கங்காணி அதட்டிய காலத்தில் அந்தப் புத்தி குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும். குதிரையை அது காப்பாற்றாது. அடிபடுவதைக் கண்ணால் பார்க்கும் ஒரே ஆள் பல சமயம் நீங்கள்தான்.

சந்தேகம் வந்தவுடன் சண்டைக்குப் போகாதீர்கள். 2 ரிங்கிட் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், குதிரையின் பெயர், பார்த்தது என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். "கொடுமைக்காரர்" என்று எழுத வேண்டாம். "காலை 6.40, சாட்டையால் முன்னங்காலில் நான்கு அடி, குதிரை அசையாமல் நின்றிருந்தது" என்று எழுதுங்கள். காயத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கும்போது ஒரு படம் கிட்டத்தில், இன்னொன்று எந்தக் குதிரை என்று தெரியும்படி எட்ட நின்று. விசாரணைக்கு வருகிறவர் உங்கள் கோபத்தை அல்ல, இந்தப் பக்கங்களைத்தான் புரட்டுவார்.

எதைப் பார்ப்பது? கடிவாளம் படும் வாயோரத்தில் புண், விலாவில் குதிமுள் கீறல், சேணத்துக்கு அடியில் ஆறாத வெட்டு, பயிற்சியாளரின் குரல் கேட்டதும் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும் குதிரை. முகத்தையும் கவனியுங்கள். வேட்டையாடப்படும் இனமானதால் குதிரை வலியை மறைக்கும். ஆனாலும் காது பின்னால் விறைத்து, கண் பாதி மூடி, தாடைத் தசை இறுகிப்போகும். அந்தக் குதிரையைத் தினமும் தேய்த்துவிடும் உங்களுக்கு இந்த மாற்றம் மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு குற்றம் சாட்டக் கூடாது. விலா எலும்பு தெரியும் கிழக்குதிரைக்குப் பல் தேய்ந்திருக்கலாம், வயிற்றில் பூச்சி இருக்கலாம். நம் நாட்டு வெக்கையில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். ஓட்டம் முடிந்த பிறகும் மேனி காய்ந்து கிடக்கும், மூக்கு விரியும், மூச்சு இரைக்கும், காய்ச்சல் போல உடல் கொதிக்கும். அந்தக் குதிரை ஓட மறுத்தால் சிலர் சோம்பேறி என்று சாட்டையைத் தூக்குகிறார்கள். நோய் பயிற்சியாளரின் குற்றமல்ல. நோய் என்று சொன்ன பிறகும் நண்பகலில் ஓடவிடுவது குற்றம். அதனால் முதலில் பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "பாஸ், இதுக்கு வேர்க்கவே மாட்டேங்குது, டாக்டரைக் கூப்பிடட்டுமா?" மருத்துவரை அழைத்தால் உங்கள் சந்தேகம் பாதி தீர்ந்தது. "உன் வேலையைப் பார்" என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 2015இல் மெல்பர்ன் கோப்பையை வென்ற குதிரையின் பயிற்சியாளர் டேரன் வேயர். 2019 ஜனவரியில் போலீஸ் சோதனையில் அவரிடம் மின்னதிர்ச்சி தரும் கருவிகள் சிக்கின. நான்கு ஆண்டுகள் பந்தயத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்டார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின், ஒரு பயிற்சியில் குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த வீடியோ வெளிவந்ததும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். பிறகு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் வந்தன. அந்த வீடியோ எடுத்துச் சில ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது. அத்தனை காலம் அது யாரோ ஒருவர் நெஞ்சில் கனத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

இனி எந்தக் கதவைத் தட்டுவது? பந்தயக் குதிரையானால் பேராக் டர்ப் கிளப் போன்ற மன்றங்களில் பந்தய விதிகளைக் கண்காணிக்கும் ஸ்டூவர்டுகளும் கிளப்பின் கால்நடை மருத்துவரும் இருக்கிறார்கள். பயிற்சியாளரின் உரிமத்தில் கைவைக்க முடிந்தவர்களிடமே புகார் போக வேண்டும். சவாரிப் பள்ளியோ தனியார் பண்ணையோ என்றால் நேராக ஜபாத்தான் பெர்கிட்மாத்தான் வெட்டரினார், அதாவது கால்நடைச் சேவைத் துறை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தைச் செயல்படுத்துவது அவர்கள்தான். பழைய 1953 சட்டத்தில் நெடுங்காலம் அதிகபட்ச அபராதம் 200 ரிங்கிட்டாக இருந்தது. இப்போது கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எழுத்தில் கொடுங்கள், புகார் எண் கேட்டு வாங்குங்கள். குதிரை அன்றைக்கே செத்துவிடும் நிலை என்றால் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்காமல் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

பேஸ்புக்கில் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்தியும் சொல்லத் தயார். பதிவு ஏறிய அன்று மாலையே குதிரை வேறு லாயத்துக்குப் போய்விடும், காயமும் ஆறிவிடும், அவதூறு வழக்கு மட்டும் உங்களிடம் மிஞ்சும். 2010ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவரின் பெயரை மறைக்கவும், பழிவாங்கலிலிருந்து காக்கவும் வகை செய்கிறது. ஊருக்கே சொல்லிவிட்டால் அந்தக் காப்பைக் கேட்க முடியாது. இரக்கப்பட்டு இரவோடு இரவாகக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போவதும் வேண்டாம். அது திருட்டு வழக்காகிவிடும். மருந்துப் புட்டிகளை எடுத்து ஒளிக்கவும் வேண்டாம், லேபிளைப் படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே வையுங்கள்.

வேலை போய்விட்டால்? வேலைநீக்கம் செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின்படி தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்கலாம். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். ஆகையால் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், அந்த நோட்டுப் புத்தகத்தின் நகல் மூன்றையும் லாயத்தில் வைக்காதீர்கள். சிலிம் ரிவர் வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள். புகார் கொடுத்த மறுநாள் காலையும் வழக்கம்போல வேலைக்குப் போங்கள், தண்ணீர் காட்டுங்கள், குளம்பைத் துடையுங்கள். அதிகாரி வந்து கேட்கும்போது அந்தக் குதிரையின் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.