அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?

“சார், இது பெரிய ஆராய்ச்சி இதழிலேயே வந்திருக்கிறதாம். அப்படியானால் உண்மைதானே?” செய்தித்தாள் துண்டு ஒன்றைக் காட்டி மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு விடை காண, ஆராய்ச்சிக் கட்டுரை என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடநூல், பலரும் சோதித்து ஏற்றுக்கொண்ட முடிவுகளைச் சொல்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை அப்படிப்பட்டதன்று. “நான் இன்னது செய்தேன், இன்னது கண்டேன், ஐயமிருந்தால் நீங்களும் செய்து பாருங்கள்” என்று ஓர் ஆராய்ச்சியாளர் மற்றவர்களுக்கு விடுக்கும் அழைப்பே அது.

கட்டுரையின் உறுப்புகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1928 மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில், கல்கத்தாவிலிருந்து சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதிய சிறு கடிதம் வெளியாயிற்று. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அக்கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன.

முதலாவது, கேள்வி. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது ஒரு பகுதியின் அலைநீளம் மாறுவதைக் காம்ப்டன் கண்டிருந்தார். சாதாரண ஒளியிலும் இப்படி நிகழுமா?

இரண்டாவது, செய்முறை. 18 செ.மீ. அகலமுள்ள வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, தூய திரவத்தினுள் செலுத்தினார்கள். நீல-ஊதா வடிகட்டி, மஞ்சள்-பச்சை வடிகட்டி இரண்டையும் ஒளி வரும் பாதையில் வைத்தபோது, திரவத்தில் தெரிந்த ஒளித்தடம் அடியோடு மறைந்தது. மஞ்சள் வடிகட்டியை மட்டும் எடுத்துத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தார்கள். தடம் மீண்டும் தெரிந்தது! உள்ளே சென்றது நீல ஒளி. நீலத்தைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து கண்ணுக்கு எட்டியது வேறு நிற ஒளி. ஆகவே, சிதறும்போது ஒரு பகுதியின் நிறம் மாறியிருக்க வேண்டும்.

மூன்றாவது, முடிவு. ஏறத்தாழ 60 திரவங்களில் இவ்விளைவு காணப்பட்டது.

நான்காவது, ஐயத்துக்கு விடை. “இது சில பொருள்களில் காணும் ஒளிர்தலாக இருக்கலாமே?” என்று பிறர் கேட்குமுன் ஆசிரியர்களே அதை எடுத்துக்கொண்டு, புதிய ஒளி மிக மங்கலானது, தளவிளைவு உடையது என்ற இரு காரணங்களால் மறுத்தார்கள்.

இன்றைய கட்டுரைகளில் சுருக்கம், முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம், மேற்கோள் பட்டியல் என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கும். உள்ளுறை அதேதான்.

நடுவர்களின் பணி

இன்று பெரும்பாலான ஆய்விதழ்கள், வந்த கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த வல்லுநர் சிலருக்கு அனுப்புகின்றன. அவர்கள் குறைகளைச் சுட்டிக்காட்டுவார்கள், திருத்தச் சொல்வார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் அவர்கள் பொதுவாகச் சோதனையைத் தாமே செய்து பார்ப்பதில்லை. ஆகவே, அச்சேறுவது முதல் வாயிலைக் கடப்பதுதான். உண்மையான தேர்வு அதன் பிறகே தொடங்குகிறது.

ஒரே நடுவர், இரண்டு தீர்ப்பு

1903இல் பிரான்சு நாட்டின் நான்சி நகரில் புளோண்ட்லோ என்ற இயற்பியலறிஞர் ‘என்-கதிர்கள்’ என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். வேறு பலரும் அவற்றைக் கண்டதாகக் கட்டுரைகள் எழுதினார்கள். எத்தனை முயன்றும் காண முடியாதவர்களும் இருந்தார்கள். அமெரிக்கரான ராபர்ட் வுட் 1904இல் நான்சிக்கே சென்றார். இருட்டறையில் சோதனை நடக்கையில், கதிர்களைப் பிரித்துக் காட்டும் அலுமினிய முப்பட்டகத்தை யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். அப்போதும் கதிர்கள் முன்போலவே தெரிவதாகச் சொன்னார்கள்! வுட் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். என்-கதிர்களின் கதை முடிந்தது. புளோண்ட்லோ பொய்யர் அல்லர்; இருக்கும் என்று நம்பியதை அவர் கண் கண்டது.

அதே வுட் 1928இல் இராமன் விளைவைத் தாமே சோதித்துப் பார்த்தார். சரியே என்று ‘நேச்சர்’ இதழுக்குத் தந்தி அனுப்பினார். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டுமே அச்சில் வந்தவைதாம். ஒன்று பிறர் கையிலும் நிலைத்தது, மற்றது நிலைக்கவில்லை. ஆகவே என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: “அச்சில் வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடாதே. வேறு யார் செய்து பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்றும் கேள்.”

நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் ஒரு சோதனையை எழுதி நண்பரிடம் கொடுங்கள். உங்களை ஒரு வார்த்தையும் கேட்காமல் அவரால் அதைச் செய்து முடிக்க முடிகிறதா? முடிந்தால், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முதல் பாடத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.