சின்னத்தறிப்பேட்டை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு துண்டு நிலம். கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் நெசவுத் தொழிலாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே உருவாக்கிய ஊர் இது. அப்போது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே ஒதுங்கியிருந்த கிராமம். இப்போது அண்ணா சாலைக்கும் எழும்பூருக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் பேட்டை. ஊருக்கு இன்னும் முந்நூறு வயதாகவில்லை. அதற்குள் அதன் பெயரைப் பற்றியும் முதல் குடிகளைப் பற்றியும் பிழையான செய்திகள் வேரூன்றிவிட்டன.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 'சிந்தாதிரி' என்று கேட்டதும் அது வடமொழிப் பெயர், ஏதோ ஒரு மலையையோ சாமியையோ குறிப்பது என்று எண்ணத் தோன்றும். 'அத்ரி' என்றால் மலை. ஆனால் இங்கே மேடுகூட இல்லை, ஆற்றங்கரைச் சமவெளிதான். உண்மையான பெயர் சின்னத்தறிப்பேட்டை. சிறிய தறிகள் இயங்கிய பேட்டை என்பதே பொருள். பேச்சில் தேய்ந்தும், கம்பெனிக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால் திரிந்தும் அது சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. திருவொற்றியூர் பக்கத்துக் காலடிப்பேட்டையும் இப்படித்தான். அந்தப் பெயரில் எவர் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயர் இருக்கிறது. அதுவும் கம்பெனி அமைத்த நெசவாளர் குடியிருப்பே.

காடும் புதருமாகக் கிடந்த வெற்று நிலத்தில் ஊர் எழுந்தது என்பது இரண்டாவது நம்பிக்கை. கம்பெனியின் தலைமை வணிகராக நெடுங்காலம் இருந்து, பின்னர் அந்தப் பதவியை இழந்த சுங்குராம செட்டியின் தோட்டம் அங்கே இருந்தது. கம்பெனி அதை எடுத்துக்கொண்டுதான் பேட்டையை அமைத்தது. அந்த இடத்தின் மேல் கண் விழுந்ததற்கு முக்கியக் காரணம் மரங்கள். நெசவு வீட்டுக்குள் முடிந்துவிடும் வேலை இல்லை. தறிக்குழியில் காலை விட்டு, மிதியை மிதித்து, நாடாவை அங்கும் இங்கும் ஓட்டுவது கடைசிக் கட்டம். அதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையால் நீவிப் பதப்படுத்த வேண்டும். லாங்கிளாத் என்ற ஏற்றுமதித் துணி ஒன்றே 30 கெஜத்துக்கு மேல் நீளும். அதற்கான பாவை எந்த வீட்டுக் கூடத்தில் விரிப்பது? கொளுத்தும் வெயிலில் விரித்தால் நூல் முறுகி அறும். ஆகவே நிழல் உள்ள திறந்தவெளி வேண்டும். துணியை அலசவும் சாயமேற்றவும் பக்கத்தில் ஆறும் வேண்டும். சுங்குராமரின் தோட்டத்தில் இரண்டுமே இருந்தன.

நெசவாளர் மட்டுமே முதல் குடிகள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. இது பாதி உண்மை. நூல் நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், சாயமிடுவோர், வெளுப்போர், கோயில் பணிக்கு வேண்டிய அந்தணர், ஆடல் மகளிர் என்று பலரையும் சேர்த்தே ஊர் திட்டமிடப்பட்டது. ஒரு தறிக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால் பல இராட்டைகள் சுற்றியாக வேண்டும். நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். தார் சுற்றிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நெய்து இறக்கிய துணி பழுப்பாக இருக்கும், வெளுத்தால்தான் கப்பலேறும். வண்ணாரப்பேட்டையை வீட்டு அழுக்குத்துணி துவைத்தவர்களின் ஊர் என்று நினைப்பதும் இதே வகைப் பிழை. கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்களின் குடியிருப்பு அது. இந்தப் பேட்டைகளைத் தனித்தனிச் சாதித் தெருக்களாகப் பார்க்கும் வழக்கத்தைவிட, ஒரே துணித் தொழிலின் வெவ்வேறு பட்டறைகளாகப் பார்ப்பதே சரி.

அருகருகே நிற்கும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் மிகப் பழமையானவை, அவற்றைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது என்று நம்புவோர் உண்டு. நடந்தது நேர்மாறு. பேட்டை முதலில் வந்தது. ஆளுநரின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான) ஆதியப்ப நாராயண செட்டி கோயில்களை எழுப்பியது அதன் பின்னரே. சைவம், வைணவம் இரண்டுக்கும் ஒரே இடத்தில் இரட்டைக் கோயில் எடுப்பது அக்காலச் சென்னை வழக்கம். பூக்கடைப் பக்கத்துச் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் இன்னொரு சான்று. வெளியூரிலிருந்து குடிகளை வரவழைக்க வீடும் தறியும் போதா, கும்பிடக் கோயிலும் வேண்டும் என்பதைத் துபாஷிகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

துணி அலசப் பயன்பட்ட கூவம் என்றுமே சாக்கடைதான் என்ற எண்ணமும் தவறு. எதிர்க்கரைக் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்து 1794-இல் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியார், கூவத்தில் நீராடிக் கோயிலுக்குச் சென்றவர்.

எஞ்சுவது ஊரை நிறுவியவர் யார் என்ற கேள்வி. ஆளுநர் பிட் என்பது விடை. ஆனால் பலரும் நினைப்பதுபோல, இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய வைரத்தால் புகழ்பெற்ற தாமஸ் பிட் அல்லர். அவர் 1709-இலேயே பதவியை விட்டவர். இவர் 1730 முதல் 1735 வரை ஆண்ட ஜார்ஜ் மார்ட்டன் பிட். நெசவாளர் மேல் கொண்ட பரிவால் அவர் ஊர் அமைத்தார் என்பதும் பொருந்தாது. 1639-இல் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கே இங்கே துணி மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். நெசவாளர் தொலைவான ஊர்களில் சிதறிக் கிடந்தால் சரக்கு நேரத்துக்கு வராது. முன்பணம் கொடுத்துத் தன் கண் பார்வையில் வைத்துக்கொள்வது கம்பெனிக்கு ஆதாயம். முன்பணம் வாங்கிய நெசவாளர் துணியை விருப்பம்போல வேறு வணிகருக்கு விற்கவும் முடியாது.

ஊர் பிறந்த மறு ஆண்டு ஜனவரியிலேயே பிட் பதவி நீங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி வந்து குவிந்து கைத்தறித் துணியின் சந்தையைப் பறித்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பேட்டையைப் பேட்டையாக வைத்திருந்தவை அதன் தறிகளும் இராட்டைகளும் சாயத்தொட்டிகளுமே. ஆகவே சென்னை வரலாறு எழுதுவோரும் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்போரும் 'ஆளுநர் பிட் நிறுவிய ஊர்' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர், சாயமிட்டவர் ஆகியோரையும் அந்த வரியில் சேர்க்க வேண்டும்.