செப்சிஸ் ஆய்வுக்கு வருகிற பிள்ளைகளுக்கு

புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். படித்துவிட்டுப் பிப்பெட்டைத் தொடுங்கள்.

1. செப்சிஸில் ஆளைச் சாய்ப்பது பாக்டீரியா மட்டும் அல்ல. கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பு கட்டுமீறிப் போய்த் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தானே கெடுத்துக்கொள்கிறது. 2016இல் திருத்தப்பட்ட வரையறையின் சாரமும் இதுதான். நம் கையில் இருக்கும், அழற்சியை அடக்கும் டி.என்.ஏ. துண்டு ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது. அந்த வேலை ஆன்டிபயாட்டிக்குக்கு. எலிக்கும் அதைக் கொடுங்கள். கொடுக்காமல் பெற்ற முடிவு எந்த வார்டுக்கும் பொருந்தாது.

2. டி.என்.ஏ. அழற்சியைக் கிளப்பியும் விடும், அடக்கியும் வைக்கும்; எழுத்து வரிசையைப் பொறுத்தது. பாக்டீரியா டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டாத சி-ஜி ஜோடி இருந்தால் பி செல்கள் சிலிர்த்தெழும் என்று 1995இல் ஆர்தர் க்ரீக் குழு காட்டியது. அதை உணரும் டி.எல்.ஆர்.9 ஏற்பியை 2000இல் ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அடக்கும் துண்டோ நம் குரோமோசோம் நுனியிலேயே இருக்கிறது. அங்கே டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற வரிசை ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதை நான்கு முறை அடுக்கி, 24 எழுத்தில் செய்ததுதான் ஏ151. எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சு தரும் அதிர்ச்சியில் செத்திருக்கவேண்டிய எலிகளை அடக்கும் துண்டுகள் காப்பாற்றின என்று 2005இல் அமெரிக்காவில் டெனிஸ் கிளின்மன் குழு எழுதியது. அந்தத் துண்டுகள் செல்லுக்குள் ஸ்டாட்1, ஸ்டாட்4 புரதங்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றில் பாஸ்பேட் ஏறவிடாமல் செய்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். செத்த செல்கள் சிந்தும் குரோமோசோம் நுனிகள்தாம் உடம்புக்கு ‘போதும்’ என்று சொல்கின்றனவோ என்றும் ஓர் ஊகம் உண்டு. எனக்குப் பிடித்த ஊகம். பிடித்துப்போனதாலேயே அதை நம்பப் பயப்படுகிறேன்.

3. கண்ட்ரோல் துண்டுக்குச் செலவு பார்க்காதீர்கள். ரத்தத்தில் சிதையாமல் இருக்க, செயற்கைத் துண்டின் முதுகெலும்பில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைக்கிறோம். அந்தக் கந்தகமே கண்ட புரதத்தில் எல்லாம் ஒட்டும். ஆகவே அதே நீளம், அதே கந்தகம், வேறு எழுத்து வரிசை என்று ஒரு துண்டு பக்கத்தில் ஓடியே ஆகவேண்டும். வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டுவிட்டு ‘அழற்சி குறைந்தது’ என்று யாராவது வந்து நின்றால் நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

எண்டோடாக்ஸின் கலப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் புதிதாக இருந்தபோது மூன்று வாரம் என் கண்ட்ரோல் செல்கள் எல்லாம் சைட்டோகைனைக் கொட்டிக்கொண்டே இருந்தன. புதுக் கண்டுபிடிப்பு என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு நான் கரைத்த தண்ணீரில். ஆட்டோகிளேவ் செய்தால் பாக்டீரியா சாகும், எண்டோடாக்ஸின் அசையாது. குதிரைலாட நண்டின் ரத்தத்தை வைத்துச் செய்கிற எல்.ஏ.எல். சோதனையை ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் செய்யுங்கள். என் மூன்று வாரம் போனது போதும்.

4. ஜி எழுத்து அதிகமுள்ள துண்டுகள் நான்கு நான்காகக் கைகோத்து மடங்கிக்கொள்ளும். பொட்டாசியம் இருந்தால் இன்னும் இறுக்கம். எந்த பஃபரில் கரைத்தீர்கள், எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

5. எலிக்கு முதலில் மருந்து, பிறகு நச்சு என்று கொடுத்தால் அழகான கிராஃப் வரும். ஆனால் நோய் வருமுன் ஆஸ்பத்திரிக்கு வரும் செப்சிஸ் நோயாளி எவரும் இல்லை. எலி சுருண்டு, மயிர் சிலிர்த்து, கண் செருகியபின் கொடுத்துப் பாருங்கள். மருந்தின் தரம் அப்போதுதான் தெரியும்.

6. அழற்சி முழுக்க அணைந்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். முதல் சில நாட்களைத் தாண்டிய நோயாளிகள் பலருக்கு எதிர்ப்பாற்றல் படுத்துவிடும். அப்போது வேறு கிருமி புகுந்து கொண்டுபோகும்.

7. எலி மனிதன் அல்ல. மனிதனைப் படுக்கையில் தள்ளும் எண்டோடாக்ஸின் அளவு எலிக்குத் தூசு. எலியின் மேக்ரோஃபேஜில் டி.எல்.ஆர்.9 உண்டு, மனிதனில் அது பெரும்பாலும் பி செல்லிலும் பிளாஸ்மாசைட்டாய்ட் டென்ட்ரிடிக் செல்லிலும் நின்றுவிடும். எரிட்டோரான் கதை தெரியுமா? எண்டோடாக்ஸினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியை அடைக்கும் மருந்து. விலங்குகளில் நன்றாகவே வேலை செய்தது. கடும் செப்சிஸ் நோயாளிகள் ஏறக்குறைய 2,000 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2013இல் வந்தது: 28 நாள் இறப்பு குறையவில்லை. உங்கள் முதல் எலியைத் தொடும் முன் அந்தச் சோதனையின் கட்டுரையைப் படித்துவிட்டு என்னிடம் வாருங்கள்.