விற்பனைக்குரிய வீட்டு வளவைச் சீர்படுத்தல்

கமக்காரர் ஒருவர் தாம் வாழ்ந்த வீட்டையும் வளவையும் விற்க முன்வருவது எளிதான காரியமன்று. மகளின் கலியாணம், பிள்ளைகளின் மேற்படிப்பு, தீராக் கடன், வேற்றூரிற் குடியேறல் என ஏதேனுமொரு தேவை அவரை அந்நிலைக்குக் கொண்டுவருகின்றது. அத்தகைய வேளையிற் கிடைக்கும் விலை அக்குடும்பத்தின் வருங்காலத்தையே தீர்மானிக்க வல்லது. எனினும், பசுவை விற்பவர் அதனைக் குளிப்பாட்டியே சந்தைக்கு ஓட்டிச் செல்கிறார். கத்தரிக்காய் விற்பவர் புழுக்குத்தியவற்றை நீக்கித் தரம் பிரித்தே கடகத்தில் அடுக்குகிறார். வளவை விற்கும்பொழுது மாத்திரம் பலர் இம்முறையை மறந்துவிடுகின்றனர்.

வாங்க வருபவர் வீட்டினுள் நுழையுமுன்னரே பாதி முடிவைச் செய்துவிடுகிறார். படலையில் நின்றவாறே அவர் மூன்று விடயங்களை நோக்குகிறார். எல்லை உறுதியானதா? தண்ணீர் நல்லதா? மண் வளமானதா? வளவின் வெளித்தோற்றம் இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவதாக அமைதல் வேண்டும். அழகு செய்தலின் நோக்கம் குறையை மறைப்பதன்று. உள்ள நிறையைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதேயாகும்.

அடுத்தடுத்துள்ள இரு வளவுகளை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றும் நான்கு பரப்பு. மண்ணும் ஒன்று, நீரும் ஒன்று. ஒன்றில் வேலி சாய்ந்து, கிணற்றடியிற் சேறு தேங்கி, முற்றத்திற் சருகு மண்டிக் கிடக்கின்றது. மற்றையது கூட்டிப் பெருக்கி, வேலியடைத்து, வாழையுங் கீரையும் தளிர்க்க நிற்கின்றது. முதல் வளவைப் பார்ப்பவர் வேலியடைக்கும் கூலியை மட்டுமா விலையிற் குறைப்பார்? கண்ட குறைகளைக் கொண்டு காணாத குறைகளையும் ஊகித்து, அவற்றுக்கும் சேர்த்தே குறைப்பார். சில நாட் கூலியோடு முடிய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டவர் அதனினும் பன்மடங்கை இழக்கின்றார்.

1. துப்புரவாக்கல்

இதுவே முதல் வேலை. பணச் செலவும் மிகக் குறைந்தது. உடைந்த சட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பொலித்தீன் ஆகியவற்றை அகற்றுக. இவற்றிற் தேங்கும் மழைநீரிலேயே டெங்கு நுளம்பு பெருகுகின்றது. வெறுமையான மருந்துப் போத்தல்களை வேலியிற் செருகி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுக. அவற்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்திற் சேர்த்து வைத்து, தகுந்த முறையில் அப்புறப்படுத்தல் வேண்டும்.

சருகுகளை எரித்தல் ஆகாது. வளவின் பின்மூலையிற் குழியொன்று வெட்டி, சருகு, பச்சிலை, சாணம் என்பவற்றைப் படைபடையாக இட்டு, ஈரங்குன்றாது காத்து, இடையிடையே புரட்டி வந்தால் மூன்று நான்கு மாதங்களிற் கூட்டெரு ஆகும். உக்கும் தென்னங் குற்றிகளைக் கிடக்க விடலாகாது. தென்னங் குருத்தைத் துளைக்கும் கருவண்டு அவற்றிலேயே முட்டையிடுகின்றது. எருக்குழியைப் புரட்டும்போது அதன் வெண்புழுக்களைக் கண்டாற் பொறுக்கி அழிக்குக.

2. வேலியும் படலையும்

வேலி எல்லையின் சாட்சி. சாய்ந்த வேலி, எல்லைப் பிணக்கு உண்டோ என்ற ஐயத்தை உண்டாக்கும். கோடையிற் பழைய ஓலையை அவிழ்த்துப் புதிய பனையோலை அல்லது கிடுகு கொண்டு அடைக்குக. அவிழ்த்த ஓலை கழிவுப் பொருளன்று. அதனைத் தோட்டத்திற் சால் வெட்டிப் புதைத்தால் நல்ல பசளையாகும்.

பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாக, மாரி தொடங்கும் ஐப்பசியிற் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நடலாம். ஐந்து அல்லது ஆறு அடி நீளமான முதிர்ந்த கொம்பைத் தெரிந்து, அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி, பட்டை உரியாது, ஓரடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குக. சீமைக்கிளுவையின் தழை தழைச்சத்து மிக்க பசும்பசளையாகும்.

படலை இலகுவாகத் திறந்து மூடுவதாக இருத்தல் வேண்டும். எல்லைக் கற்களைச் சுற்றியுள்ள பற்றையை வெட்டி, அவை தெரியும்படி செய்க. எல்லை பற்றி அயலவரோடு பேச வேண்டியது இருப்பின், வாங்குபவர் வருமுன்னரே பேசித் தீர்த்துக் கொள்ளல் நன்று. தேசவழமைக்கு உட்பட்ட காணியிற் கூட்டுரிமையாளர் முதலியோருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அதுபற்றி 1947 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டத்தின்படி அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கும் முறையை நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேட்டறிக.

3. கிணறும் கிணற்றடியும்

வாங்க வருபவர் தவறாது எட்டிப் பார்ப்பது கிணற்றையே. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கிணற்றை இறைத்துச் சேறள்ளுக. இறங்குமுன் உள்ளே நல்ல காற்று உண்டா என்பதை உறுதி செய்தல் வேண்டும், தனியே இறங்கலாகாது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் உயிருக்கு ஆபத்து. அதன் புகையிலுள்ள நச்சுவாயு மணமின்றியே ஆளைக் கொல்லும்.

கிணற்றுக்கட்டின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைக்குக. கிணற்றைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த நிலம் அமைத்து, வழியும் நீரை ஒரு சிறு வாய்க்கால் மூலம் வாழைக்கு விடுக. இதனாற் சேறு நீங்கும்; வாழையும் தழைக்கும்.

4. சுவருக்குச் சுண்ணாம்பு

வைகாசி முதல் ஆவணி வரையுள்ள காய்ந்த காலமே வெள்ளையடிக்க ஏற்றது. பழைய சுண்ணாம்புச் செதில்களையும் பாசியையும் தூரிகையால் உரைத்து நீக்குக. சுண்ணாம்புக் கல்லை நீற்றி, ஓரிரவு ஊறவிட்டு, சாக்கில் வடித்துப் பாற்பதமாகக் கரைக்குக. நீற்றும்போது கண்ணிற் தெறியாது பார்த்துக்கொள்ளல் வேண்டும். வடித்த கஞ்சி சிறிது சேர்த்தால் நன்கு பிடிக்கும். சலவை நீலம் சிறிது சேர்த்தால் வெண்மை கூடும். சுவரை நனைத்த பின்னர் மெல்லியதாக இருமுறை பூசுக. தடிப்பாக ஒருமுறை பூசினால் விரைவில் உதிரும்.

சுவரிற் கறையான் புற்றுக் கண்டால் அதன்மேற் பூசி மறைத்தல் ஆகாது. முதலிற் கறையானை ஒழித்து, சுவரோடு சாய்த்த விறகையும் குவிந்த சருகையும் அகற்றுக.

5. முற்றமும் மரங்களும்

படலையிலிருந்து திண்ணை வரை நேரான நடைபாதை ஒன்று போதும். இருமருங்கும் செவ்வரத்தை, குரோட்டன், நந்தியாவட்டை ஆகியவற்றை மாரியில் வெட்டுத் துண்டிலிருந்து உண்டாக்கலாம். விரைவிற் பூக்க வேண்டுமாயின் நித்தியகல்யாணி, சீனியா, வாடாமல்லிகை ஆகியவற்றை ஐப்பசிக்கு முன்னரே நாற்றாக்கி நடுக. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சீனியா பூக்கத் தொடங்கும். எஞ்சிய முற்றத்தை மணல் பரப்பிக் கூட்டி வைத்தலே நமது வெப்பத்துக்கு ஏற்றது. கோடையில் நீரூற்றிப் புற்றரை வளர்த்தல் வீண்செலவு.

காய்க்கும் மரத்தை அழகுக்காகத் தறித்தல் பெரும் பிழை. நெட்டைத் தென்னையொன்று பலன்தர ஆறு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். அதனை வாங்குபவர் நன்கறிவார். காய்ந்த மட்டை, பட்ட கிளை, குருவிச்சை ஆகியவற்றை மாத்திரம் நீக்குக. வாழைப் புடையில் தாயும் இரண்டு குட்டிகளும் நிற்க, ஏனையவற்றைக் களைக. பலாமரத்தைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறல் வேண்டும் என்பதையும் மறவற்க.

கிணற்றடிக்கு அருகே கீரைப் பாத்தி இரண்டும், கத்தரி, மிளகாய் நிரை ஒன்றும் இருக்கட்டும். முளைக்கீரை நான்கு வாரங்களிற் பிடுங்கத்தக்கதாகும். தழைத்து நிற்கும் பாத்தி, நீரின் தன்மையையும் மண்ணின் வளத்தையும் சொல்லாமற் சொல்லும். தரகரின் நூறு வார்த்தைகளும் அதற்கு ஈடாகா.

6. மறைக்கலாகாதவை

கோடையிற் கிணற்று நீர் உவர்க்குமாயின், மாரியில் வளவின் ஒரு மூலையில் வெள்ளம் நிற்குமாயின், அதனை வாங்குபவரிடம் கூறிவிடல் வேண்டும். வாங்கியவர் அடுத்த மாரியில் அதனை எவ்வாறும் அறிவார்; அப்பொழுது கெடுவது விற்றவரின் நற்பெயரே. வெள்ளம் நிற்கும் மூலைக்கு வடிகால் ஒன்று வெட்டி, அதனையுங் காட்டிக் கூறினால், குறையே முயற்சியின் சான்றாக மாறும்.

பெருஞ் செலவும் வேண்டியதில்லை. கடன்பட்டு மதிலெழுப்புவதும் பூச்சட்டிகள் வாங்கி நிரப்புவதும் விலையில் மீளும் என்பது நிச்சயமன்று.

வேலை ஒழுங்கு

ஆடி, ஆவணி: துப்புரவு, வேலியடைப்பு, வெள்ளையடிப்பு.
புரட்டாதி: கிணறு இறைத்தல், வடிகால் வெட்டல், பூ நாற்றுமேடை.
ஐப்பசி, கார்த்திகை: கதியால், செடி, நாற்று நடல்.
மார்கழி: களையெடுப்பு, கீரை விதைப்பு, படலை திருத்தம்.
தை, மாசி: வளவு பசுமையாக நிற்கும் காலம், நெல் அறுவடையாகிக் கையிற் பணம் புழங்கும் காலமும் இதுவே. வாங்குபவரை அழைத்துக் காட்டுக.

ஒருவேளை விற்பனை கைகூடாது போயினும் இம்முயற்சி வீணாகாது. உறுதியான வேலி, தூய கிணறு, எருக்குழி, கீரைப் பாத்தி யாவும் அவ்வீட்டாருக்கே பயன்தரும். மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுக.