அம்மனுக்கு வார்க்கும் கூழ்

ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் வார்க்காத ஊர் நம் பக்கத்தில் அரிது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யுடன் காய்ச்சிய கூழை, வெங்காயமும் முருங்கைக் கீரையும் துணையாக, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி வாங்கிப் பருகுகிறோம். அன்று அது பிரஸாதம். மறுநாள் அதே கூழ் நம் அடுப்பில் கொதிக்கையில் விருந்தாளியின் குரல் கேட்டால், பானையை மூடி மறைத்துவிட்டு அரிசிக்கு ஆள் அனுப்புகிறோம். தெய்வத்துக்கு உகந்த ஆகாரம் மனிதனுக்கு எவ்வாறு இழிவாயிற்று? இதுவே இப்பாடத்தின் விஷயம்.

இதில் என் மேலும் குற்றம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் புன்செய்க் கிராமமொன்றில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பஞ்சாயத்தார்களில் ஒருவர் மத்தியானம் தம் இல்லத்தில் உண்ண அழைத்தார். மல்லிகை போன்ற வெள்ளைச் சோறு, நெய், அப்பளம், பாயசம் யாவும் இலையில் வந்தன. அவருடைய குழந்தைகளோ பின்கட்டில் கம்பங்கூழ் பருகிக்கொண்டிருந்தனர். நான் ஒன்றும் கேளாமல் உண்டு எழுந்தேன். மாலையில் கடைத்தெரு வழியே நாங்கள் வருகையில், கடைக்காரர் அவரை நிறுத்தி, காலையில் வாங்கிய அரிசிக்கும் நெய்க்கும் பாக்கி எப்போது வருமென வினவினார். அவர் தலை குனிந்தது; என் தலையும் குனிந்தது. கடன் ஒழிவதற்கென ஏற்பட்டது சங்கம். அச்சங்கத்தைப் பார்வையிட வந்தவனுக்குச் சோறிட ஓர் அங்கத்தினர் கடன்பட்டார்! அன்று முதல், எவ்வூர் சென்றாலும், வீட்டில் காய்ச்சியதே போதுமென முன்கூட்டிச் சொல்லியனுப்புகிறேன்.

வெள்ளைச் சோறே மேலானது என்ற எண்ணம் பணத்தை மட்டுமன்றித் தேகத்தையும் கெடுக்கவல்லது. ஜாவாத் தீவில், டச்சுக்காரர் ஆட்சியில், பெரிபெரி என்னும் நோய் பலரை வாட்டியது. கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கும். இருதயம் சோர்ந்து மரணமும் நேரும். எய்க்மன் என்ற வைத்தியர் அதன் கிருமியைத் தேடினார். 1890-ம் வருஷத்தையொட்டி அவருடைய கோழிகளுக்கும் அதையொத்த நோய் கண்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை அவை தின்று வந்தன. பிறகு வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்துவிடவே, தீட்டாத அரிசி இடப்பட்டது, கோழிகள் தேறின. தவிட்டில் உள்ள ஒரு சத்து குறைவதே நோய்க்குக் காரணமென 1901-ல் கிரைன்ஸ் என்பவர் தெளிவாக்கினார். எய்க்மனுக்கு 1929-ல் நோபெல் பரிசு கிடைத்தது. அச்சத்தே தயாமின் எனப்படும் வைட்டமின் பி1.

நம் மாகாணத்திலும் இதற்குச் சான்று இருந்தது. பச்சரிசியை மில்லில் தீட்டி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது மேற்பரப்பிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் தயாமின் என்ற பெயரை அறியார். ஆயினும் காக்கும் வழியைக் கைக்கொண்டிருந்தனர். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 0.06 மில்லிகிராமே உள்ள இச்சத்து, கைக்குத்தல் அரிசியில் சுமார் 0.21 மில்லிகிராம் உள்ளது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தோ, அரிசியில் 10 மில்லிகிராம் அளவே இருக்க, கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் உள்ளது.

எளிய ஆகாரத்தைப் போற்றுவது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதன்று. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் சகோதரர்கள் கஞ்சியுடன் நோன்பு துறக்கின்றனர். கிறிஸ்தவ சகோதரர்கள் தவக்காலத்தில் ஆகாரத்தைச் சுருக்குகின்றனர். தானியம் கடவுள் தந்தது என்று நம்புகிற நாம், அதன் சத்தைத் தீட்டி மாட்டுக்கு இட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் உண்பது அந்த நம்பிக்கைக்குப் பொருந்துமா?

ஆனால் நம்பிக்கை மூடத்தனமாகிவிடலாகாது. கூழ் ஆகாரமேயன்றி மருந்தன்று. கால் மரத்தாலும் வீங்கினாலும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். உலக்கை பிடிப்பது பெரும்பாலும் பெண்களின் தோளே என்பதையும் மறக்கலாகாது. உமியை மட்டும் நீக்கும் இயந்திரமாயின் அதுவும் தகும். குற்றம் இயந்திரத்தினுடையதன்று, அளவுக்கு மீறித் தீட்டுவதே குற்றம்.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளத் தக்கவை:

1. புழுங்கலரிசியோ, குறைவாகத் தீட்டிய அரிசியோ உண்க.

2. அரிசியைப் பலமுறை கழுவாதீர். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர். சத்து நீரோடு போய்விடும்.

3. தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை கொள்ளும். ஆதலின், ஒரு வாரத்துக்கு வேண்டிய நெல்லை மட்டும் அவ்வப்போது குத்துக.

4. வாரத்தில் சில வேளையேனும் கேழ்வரகோ, கம்போ, சோளமோ சமைக்க. தானியம் எதுவாயினும் பருப்பும் கீரையும் மோரும் உடன் இருக்கட்டும்.

5. அறுவடைக் காலத்தில் அங்கத்தினர்கள் ஒன்றுகூடிப் புன்செய்த் தானியங்களை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்க. விலை நயமாகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷாந்தரப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தார் வருவோர்க்கெல்லாம் கூழ் வார்க்கட்டும். தலைவர் முதலில் பருகட்டும். பார்வையிட வரும் உத்தியோகஸ்தரும் அவருக்கு அடுத்துப் பருகட்டும். பெரியவர்கள் கூச்சமின்றி உண்பதைக் கண்ட குழந்தைகள், தங்கள் வீட்டுப் பானையை யாருக்கும் மறைக்கமாட்டார்கள்.