மீன் வறுத்த வாசனையும் ஒரு வேலைவாய்ப்பும்

'மீன் வறுத்த அக்கா', 'மீன் வறுத்த சட்டி', 'மீன் வறுத்த வாசனை'. மூன்றிலும் 'வறுத்த' என்ற பெயரெச்சத்தை அடுத்து ஒரு பெயர் வருகிறது; வடிவம் ஒன்றே. ஆனால் அக்கா வறுத்தவர், சட்டி வறுத்த இடம், வாசனை வறுத்ததால் எழுந்தது. உருபோ விகுதியோ இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பொருள் தெரிந்தால்தான் வாக்கியம் பிரியும். கணினி தடுமாறக்கூடிய இடமும் இதுவே.

தமிழோ மொழியியலோ படித்துவிட்டு மொழித் தொழில்நுட்ப வேலை தேடுகிறவர்கள் நேரே பைத்தான் வகுப்புக்கு ஓடுகிறார்கள். பைத்தான் வேண்டும்தான். ஆனால் அது எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும்; உங்களைத் தனித்துக் காட்டுவது நீங்கள் படித்த இலக்கணம். பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று நன்னூல் ஆறாகப் பிரித்ததைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தீர்களே, கணினிக்காக வாக்கியங்களைக் குறியிடும்போது அது அப்படியே ஒரு குறியீட்டுப் பட்டியல். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. இந்தி வாக்கியத் தொகுப்பைப் வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவைச் சொல்லும் பாணினியின் காரகக் கொள்கையை வைத்துத்தான் குறியிட்டது. ஆகவே பழைய இலக்கணத்தைக் காட்டக் கூச்சப்பட வேண்டாம்.

நாளிதழிலிருந்து பெயரெச்சம் வரும் நூறு வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயரெச்சத்துக்கும் அது கொள்ளும் பெயருக்கும் உள்ள உறவைக் குறியுங்கள். ஏன் அப்படிக் குறித்தீர்கள் என்பதை விதியாக எழுதுங்கள். ஆறிலும் அடங்காதவை வரும், 'வாசனை' அப்படித்தான். அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள், நேர்காணலில் பேச விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு உங்கள் விடையைக் காட்டாமல், விதிகளை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்து அதே வாக்கியங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதற்குக் கோஹென் கப்பா என்ற அளவு இருக்கிறது. அது குறைந்தால் நண்பரைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்துங்கள்.

"பெரிய மொழி மாதிரிகள் இதையெல்லாம் தாமே கற்றுக்கொள்கின்றனவே, நீங்கள் எதற்கு?" என்று கேட்பார்கள். கற்கின்றன, உண்மை. கற்றது சரியா என்று சோதிக்க, மனிதர் குறித்த விடைத்தாள் வேண்டாமா? பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி பல மொழி வாக்கியங்களை ஒரே முறையில் குறியிடும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தில் சேர்ந்த தமிழ்த் தொகுப்பில் இருப்பவை வெறும் 600 வாக்கியங்கள். இந்த ஒரு தகவலே போதுமான பதில்.

வேலை கிடைத்தால் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: குறியீட்டுக் கையேடு உண்டா, இருவர் கருத்து மாறுபட்டால் யார் தீர்ப்பது? கையேடே இல்லையென்றால், வாக்கியத்துக்கு இவ்வளவு பைசா என்று க்ளிக் செய்ய ஆள் தேடுகிறார்கள். வேறு இடம் பாருங்கள்.