0.329: ஒரு வீடு ஏழை இல்லாம போன கதை

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு வறுமையைக் கணக்கிடுற ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். டெஸ்ட் பண்ண ஒரு கற்பனை வீட்டை உள்ள கொடுத்தேன். பசங்க ஸ்கூல் போறாங்க, யாருக்கும் சத்துக்குறைவு இல்ல. ஆனா கரண்ட் இல்ல, கழிப்பறை இல்ல, நல்ல தண்ணி இல்ல, விறகடுப்பு, மண் தரை, டிவி, போன், சைக்கிள் எதுவும் இல்ல, பேங்க் அக்கவுண்ட்டும் இல்ல. அவுட்புட்: "ஏழை இல்லை".

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஏழைன்னு யாரைச் சொல்றாங்கன்னு பாத்துடுவோம்.

பழைய வழி, பணக்கோடு. மாசம் ஒரு ஆளுக்கு இவ்வளவு செலவு, அதுக்குக் கீழ இருந்தா ஏழை. டெண்டுல்கர் குழு (கிரிக்கெட்டர் இல்ல, பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர்) முறைப்படி 2011-12-ல் கிராமத்துக்கு 816 ரூபாய், நகரத்துக்கு 1000 ரூபாய். இந்தியாவில் 21.9% ஏழைகள். 2014-ல் ரங்கராஜன் குழு அதே 2011-12-க்கு 972, 1407-னு கோட்டை உயர்த்தியது. இப்போ 29.5%. நாட்டுல யாரோட சாப்பாடும் மாறல, ஆனா 9 கோடிக்கு மேல ஏழைகள் கூடிட்டாங்க. எனக்கு முதல்ல படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு. ரேஷன், உதவித்தொகை மாதிரி விஷயங்களை இப்படி ஒரு கோட்டை வச்சு முடிவு பண்ணலாம்னு யோசிச்சப்போ சிரிப்பு போயிடுச்சு.

புது வழி, பல பரிமாண வறுமைக் குறியீடு. சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் உருவாக்கிய முறை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட இந்தியப் பதிப்பில் 12 குறிகாட்டிகள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூணுக்கும் சம எடை, ஆளுக்கு 1/3. நம்ம இன்டர்னல் மார்க் மாதிரிதான், ஆனா இங்க மார்க் ஏறினா கஷ்டம் அதிகம்னு அர்த்தம். மொத்தம் 1/3-ஐத் தொட்டா அந்த வீட்டில் எல்லாரும் ஏழை. சத்துக்குறைவு 1/6, பள்ளிக்குப் போகாத குழந்தை 1/6. இந்த ரெண்டே போதும். வாழ்க்கைத்தரத்தில் மட்டும் ஏழு குறிகாட்டிகள், ஒவ்வொண்ணும் 1/21.

என் தப்பு இங்கதான். 1/21-ஐ மூணு இலக்கத்தோட வெட்டி 0.047-னு போட்டுட்டேன். 7 × 0.047 = 0.329. கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழ. பின்னமாவே எழுதினேன், வீடு "ஏழை" ஆயிடுச்சு.

சந்தோஷப்பட்டு, அதே வீட்டுக்கு ஒரு பேங்க் அக்கவுண்ட் மட்டும் கொடுத்துப் பாத்தேன். 6/21, அதாவது 0.286. மறுபடியும் "ஏழை இல்லை". இது பக் கிடையாது, வரையறையே அப்படித்தான். மண் தரையும் விறகடுப்பும் அங்கேயேதான் இருக்கு, ஆனா கட்-ஆஃபைத் தாண்டாததால அந்த ஆறு குறையும் குறியீட்டுக் கணக்கில் பூஜ்ஜியம். நீங்க இதை வச்சு ப்ராஜெக்ட் பண்ணா, கட்-ஆஃபை 0.2, 0.4-னு மாத்தி ஓட்டிப் பாத்துட்டு ரிசல்ட் எழுதுங்க.

2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் இந்த வறுமை 2.2% தான். பெருமையான நம்பர், மறுக்கல. ஆனா எல்லா வசதியும் இருக்கிற ஒருத்தருக்கு டீக்கடையில தனி டம்ளர் கொடுத்தா, சாதி கேட்டுட்டு வாடகை வீடு இல்லன்னு சொன்னா, அவர் ஸ்கோர் 0. இதைத்தான் சமூக விலக்கம்னு சொல்றாங்க. 1974-ல் பிரான்ஸில் ரெனே லெனுவார் எழுதிய புத்தகத்திலிருந்து கொள்கை ஆய்வுக்குள்ள வந்த சொல். 12-ல் ஒரு குறிகாட்டிகூட அதைக் கேட்கல.

என் ப்ரோக்ராம்ல 13-வதா "வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டதா?"னு ஒண்ணு சேர்த்திருக்கேன். எடை எவ்வளவு போடணும்ங்கற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு.